கம்யூனிட்டி காலேஜிலிருந்து மானுடவியல் பட்டத்துக்கு: கலிபோர்னியாவில் படிப்பைத் திட்டமிடுவது எப்படி?

ஊரில் டிரான்ஸ்ஃபர் என்றாலே டி.சி. நினைவுக்கு வரும். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால் அடுத்த பள்ளியில், அடுத்த வகுப்பில் போய் உட்கார்ந்துவிடலாம். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கும் டிரான்ஸ்ஃபர் என்றுதான் பெயர். ஆனால் இங்கே அந்த ஒற்றைத் தாள் கிடையாது. நீங்கள் படித்த ஒவ்வொரு பாடமும் தனித்தனியாக அக்கரை சேர வேண்டும். சில பாடங்கள் நடு ஆற்றில் நின்றுவிடும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. முதல் வருடம் பாடப் பட்டியலில் ‘மந்திரம், சூனியம், மதம்’ என்ற மானுடவியல் வகுப்பைப் பார்த்ததும் சேர்ந்துவிட்டேன். அருமையான வகுப்பு, இன்றுவரை அதற்காக வருந்தவில்லை. அதே ருசியில் இன்னும் இரண்டு விருப்பப் பாடங்களை எடுத்தேன். நான் போக நினைத்த துறை கட்டாயம் கேட்ட தொல்லியல் அறிமுகப் பாடத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அது எங்கள் சிறிய கல்லூரியில் வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் நடக்கும். நான் அதை எடுக்க வந்த வருடம் ஆள் சேரவில்லை என்று வகுப்பையே ரத்து செய்துவிட்டார்கள். ஒரு வருடம் போயிற்று.

ஆகவே இந்தக் கணக்கைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம் என்பதை முதலில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னால் வந்து முதல் செமஸ்டரின் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதல் வேலை: எந்த மானுடவியல் என்று முடிவு செய்வது

அமெரிக்காவில் மானுடவியல் என்பது ஒரே வீட்டில் நான்கு குடித்தனம். எலும்பு, மரபணு, குரங்கினம், பரிணாமம் ஆகியவற்றைப் பார்ப்பது உயிரியல் மானுடவியல். மண்ணுக்கடியில் கிடப்பதைப் படிப்பது தொல்லியல். வாழ்கிற மனிதர்களோடு தங்கி அவர்கள் உலகத்தைப் புரிந்துகொள்வது பண்பாட்டு மானுடவியல். பேச்சையும் சமூகத்தையும் சேர்த்துப் பார்ப்பது மொழியியல் மானுடவியல். இந்த நான்கையும் ஒரே துறையாகப் பயிற்றுவிக்கும் மரபை இங்கே வேரூன்றச் செய்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஃபிரான்ஸ் போவாஸ். அவருடைய மாணவர் ஆல்ஃபிரட் குரோபரைக் கொண்டு 1901-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய துறைதான் கலிபோர்னியாவில் இந்தப் படிப்பின் தொடக்கம்.

நமக்கும் பெர்க்லிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1930-களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவு செய்த எமனோ, பிறகு பெர்க்லியில்தான் பேராசிரியராக இருந்தார். கோத்தர்களிடையே ஆய்வு செய்த டேவிட் மேண்டல்பாமும் அங்கேதான் பணியாற்றினார். வீட்டுப் பெரியவர்கள் ‘இதெல்லாம் ஒரு படிப்பா?’ என்று கேட்டால் சொல்வதற்கு இது உதவும்.

இந்த நான்கு குடித்தனங்களும் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் திட்டமிடுகிறவர் கவனிக்க வேண்டியது. யூ.சி., அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் துறையின் சாய்வு முழுக்கப் பண்பாட்டுப் பக்கம். எலும்புக்கூட்டோடு வேலை செய்ய ஆசைப்படுகிறவர் அங்கே போனால் ஏமாந்துபோவார். யூ.சி. டேவிஸில் பரிணாமப் பிரிவு, சமூகப் பண்பாட்டுப் பிரிவு என்று இரண்டு சிறகுகள் இருக்கின்றன. டேவிஸிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் பி.ஏ., பி.எஸ். (நம் ஊர் பி.எஸ்ஸி.) என்று இரண்டு பட்டங்களுமே உண்டு. பி.எஸ். என்றால் உயிரியல், வேதியியல் போன்ற அறிவியல் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜிலேயே தொடங்க வேண்டியிருக்கும். அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் சங்கிலிப் பாடங்கள். இரண்டாம் வருடம் மனம் மாறி பி.எஸ். பக்கம் திரும்பினால் கூடுதலாக ஒரு வருடம் ஆகலாம். பி.எஸ். பக்கம் தொடங்கி பி.ஏ.வுக்கு மாறுவது எளிது. சந்தேகம் இருக்கிறவர் அறிவியல் பாடத்தோடு தொடங்குவது நல்லது.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒரு சொல். 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமும், 1970-ஆம் ஆண்டின் கலிபோர்னியச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் இருப்பதால், சாலை, அணை, மின்கம்பி என்று எது போட்டாலும் நிலத்துக்கடியில் பழம்பொருளோ கல்லறையோ இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தொல்லியலாளர்களில் பெரும்பகுதியினருக்கு இப்படித்தான் சம்பளம் வருகிறது. தொடக்க நிலைக் களப்பணியாளராகச் சேரவே பட்டத்தோடு ஒரு களப்பயிற்சி முகாமையும் முடித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். தடயவியல் பக்கம் ஆர்வமுள்ளவர்கள் மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டின் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) சிக்கோ வளாகத்தைப் பாருங்கள். 2018-இல் பாரடைஸ் நகரத்தைக் காட்டுத்தீ விழுங்கியபோது, சாம்பலிலிருந்து மனித எச்சங்களைப் பிரித்தறிய உதவியவர்கள் அந்தத் துறையினர்.

அசிஸ்ட் இணையதளத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது

திசை தெரிந்துவிட்டால் அடுத்து அசிஸ்ட். கலிபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் செய்துகொண்ட பாட உடன்படிக்கைகள் எல்லாம் இருக்கும் இலவசத் தளம் இது. கல்வியாண்டு, உங்கள் கல்லூரி, போக நினைக்கும் பல்கலைக்கழகம், மேஜர் (முதன்மைப் பாடத்துறை) ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்திகளில் ஒரு பட்டியல் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம். வலது பக்கம் அதற்கு ஈடாக ஏற்கப்படும் உங்கள் கல்லூரியின் பாடம். வலது பக்கம் ஈடான பாடம் இல்லை என்று வந்தால் பதற வேண்டாம். பக்கத்துக் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அங்கே இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு கம்யூனிட்டி காலேஜ்களில் படிப்பது இங்கே சாதாரணம். மாநிலத்தின் மற்றக் கல்லூரிகள் நடத்தும் இணையவழி வகுப்புகளில் சேர வழிசெய்யும் பொதுத் தளமும் இருக்கிறது. நான் இழந்த தொல்லியல் பாடத்தை அப்படி எடுத்திருக்கலாம் என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கட்டாயப் பாடம், பரிந்துரைக்கப்படும் பாடம் என்ற வேறுபாட்டை உற்றுப் பாருங்கள். போட்டி அதிகமுள்ள இடத்தில் பரிந்துரை என்பதையும் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டியலோடு நிற்காதீர்கள். நான்கைந்தின் பட்டியலை அச்செடுத்து மேசையில் பரப்பி, எல்லாவற்றிலும் பொதுவாக வருகிற பாடங்களை வட்டமிடுங்கள். மானுடவியலில் ஒரு நிம்மதி என்னவென்றால் அந்தப் பொதுப் பாடங்கள் குறைவுதான்: உயிரியல் மானுடவியல், பண்பாட்டு மானுடவியல், தொல்லியல் ஆகிய மூன்றின் அறிமுகப் பாடங்கள். இவற்றோடு புள்ளியியல் சேர்ந்தால் அடித்தளம் முடிந்தது. பாட எண்கள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். மாநிலம் முழுவதற்கும் பொது எண் கொண்டுவரும் வேலையும் நடந்துகொண்டிருப்பதால் பழைய எண்கள் மாறிவருகின்றன. தோழி மூன்று வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த பட்டியலை அப்படியே நம்பாதீர்கள்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் பாடங்கள்

மேஜருக்கான பாடங்கள் ஒருபுறம், எந்த மேஜரானாலும் எல்லோரும் படிக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்கள் மறுபுறம். பொதுக்கல்விக்கு இப்போதிருக்கும் அட்டவணையின் பெயர் கால்-கெட்ஸி. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதுதான். பதினொரு பாடங்கள், 34 செமஸ்டர் யூனிட் (யூனிட் என்பது ஒரு பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு). இதை முடித்துவிட்டுப் போனால் யூ.சி.யோ கால் ஸ்டேட்டோ முதல் இரண்டு வருடத்துக்கான பொதுக்கல்வியை மறுபடி கேட்காது.

இங்கேதான் மானுடவியல் மாணவருக்கு ஒரு லாபம் இருக்கிறது. உயிரியல் மானுடவியலை அதன் ஆய்வகப் பாடத்தோடு சேர்த்து எடுத்தால், அட்டவணை கேட்கும் உயிரறிவியல் பாடமும் முடியும், ஆய்வகத் தேவையும் முடியும், மேஜர் பாடமும் முடியும். ஆய்வகம் ஒரே ஒரு யூனிட்தான் என்று அலட்சியம் செய்து விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். மண்டையோட்டு வார்ப்புகளைக் கையிலெடுத்து அளப்பது அந்த ஒரு யூனிட்டில்தான். அதுவே பாதி சுகம். புள்ளியியல் இதேபோல் கணிதத் தேவையையும் துறையின் எதிர்பார்ப்பையும் சேர்த்து நிறைவேற்றும்.

லாபம் இருக்கிற இடத்தில் பொறியும் உண்டு. சமூக அறிவியல் பகுதிக்கு இரண்டு பாடங்கள் வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு துறைகளிலிருந்து வர வேண்டும். பண்பாட்டு மானுடவியலும் தொல்லியலும் இரண்டுமே மானுடவியல் கணக்குதான். ஆகவே பொருளாதாரமோ உளவியலோ ஏதாவது ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஐந்து மானுடவியல் பாடங்கள் எடுத்திருந்த ஒருவர் கடைசி செமஸ்டரில் இதைக் கண்டுபிடித்து அலறிக்கொண்டு வந்தார்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரு செய்தி. சில பல்கலைக்கழகக் கல்லூரிகள் பட்டத்துக்கு ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியைக் கேட்கும். ஆறாம் வகுப்பு முதலோ அதற்கு மேலோ இரண்டு வருடம் தமிழ்வழிப் பள்ளியில் படித்ததற்கான சான்று இருந்தால், பல இடங்களில் அதையே ஏற்பார்கள். ஊரில் பீரோவுக்குள் கிடக்கும் பழைய மதிப்பெண் பட்டியலை அடுத்த முறை வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

யூ.சி.யா, கால் ஸ்டேட்டா?

இரண்டுக்குமே மூன்றாம் வருட மாணவராகப் போக 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற, வருடத்தை செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் படிப்பவர்கள் இந்தக் கணக்கில் தடுமாறுவார்கள். ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது மூன்றில் இரண்டு செமஸ்டர் யூனிட்.

கால் ஸ்டேட்டுக்கு நேர்வழி, டிரான்ஸ்ஃபருக்கென்றே கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருட அசோசியேட் பட்டம். 2010-இல் வந்த சட்டம் இதை உருவாக்கியது. மானுடவியலில் இந்தப் பட்டத்தை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்புக்குள் ஓர் இடம் உறுதி. பொருந்தும் மேஜரில் சேர்ந்தால் இன்னும் 60 யூனிட்டில் இளங்கலை முடியும். ஓர் இடம் உறுதி என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் விரும்பும் வளாகம் உறுதி என்று சொல்லவில்லை. பேச்சு, எழுத்து, திறனாய்வுச் சிந்தனை, கணிதம் என்ற நான்கு பாடங்களையும் மாறுவதற்கு முந்தைய வசந்தகால செமஸ்டருக்குள் முடித்தாக வேண்டும்.

யூ.சி. பக்கம் ‘டேக்’ என்ற உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் போடலாம். அந்த வளாகம் கேட்கும் ஜி.பி.ஏ.வும் (மதிப்பெண் சராசரி) பாடங்களும் இருந்தால் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குறிவைப்பவர்கள் தங்கள் கல்லூரியின் ஹானர்ஸ் திட்டத்தில் முதல் வருடமே சேர்ந்துவிட வேண்டும். பல கல்லூரிகளுக்கு அந்த வளாகத்தோடு தனி ஏற்பாடு உண்டு. யூ.சி.யின் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. மாநிலத்தவருக்கு 2.4, வெளியாருக்கு 2.8. அது வாசல்படியின் உயரம்தான். உள்ளே போக அதற்கு வெகு மேலே இருக்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால்: உத்தரவாதம் உள்ள ஒன்று, ஆசைக்கு ஒன்றிரண்டு, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கால் ஸ்டேட் ஒன்று. இதற்கு மேல் போட்டால் விண்ணப்பக் கட்டணம்தான் ஏறும். ஒவ்வொரு யூ.சி. வளாகத்துக்கும் 80 டாலர், கால் ஸ்டேட்டுக்கு 70. வருமானம் குறைந்தவர்களுக்கு இரண்டிலும் கட்டண விலக்கு இருக்கிறது, கேட்க வெட்கப்படாதீர்கள்.

பணமும் விசாவும்

கலிபோர்னிய வாசிக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் 46 டாலர். 60 யூனிட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 2,760 டாலர். யூ.சி.யில் ஒரு வருடக் கல்விக் கட்டணமே 14,000 டாலருக்கு மேல். வெளியார் என்று முத்திரை விழுந்தால் அதற்கு மேல் இன்னும் 30,000 டாலருக்கும் கூடுதலாக. எனவே ‘வாசி’ என்ற சொல்தான் இந்தப் பகுதியில் முக்கியம். மாநிலத்தில் ஓராண்டும் ஒரு நாளும் வசித்து, இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் ஆவணங்களால் காட்ட வேண்டும். எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் வந்தவர்களும் இப்படி வாசிகளாகலாம். எஃப்-1 மாணவ விசாவில் வந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. பெற்றோரின் எச்-1பியைச் சார்ந்து எச்-4-இல் இருக்கும் பிள்ளைகள் 21 வயதில் அந்தத் தகுதியை இழப்பார்கள். கம்யூனிட்டி காலேஜ் வருடங்கள் சரியாக அந்த வயதில்தான் வருகின்றன. விசாவை மாற்றுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரையும் கல்லூரியின் வாசித் தகுதி அலுவலகத்தையும் இரண்டையுமே கேளுங்கள். ஒரு பக்கம் சரிசெய்யப் போய் மறுபக்கம் கட்டணம் எகிறிவிடக் கூடாது.

குடிமக்களும் பச்சை அட்டை வைத்திருப்பவர்களும் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான ஃபாஃப்ஸா படிவத்தை மார்ச் 2-க்குள் நிரப்பிவிட வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு மாநிலத்தின் கால் கிராண்ட் உதவித்தொகைக்கும் அதுவே கடைசி நாள். ஆவணமற்ற மாணவர்களுக்கு கலிபோர்னியா டிரீம் ஆக்ட் படிவம் தனியாக இருக்கிறது.

ஊரில் ஏற்கெனவே கல்லூரியில் படித்தவர்கள் அதை மறைக்கக் கூடாது. பாதியில் விட்ட பி.காம். ஆனாலும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டும்; மறைத்தது தெரிந்தால் கொடுத்த இடத்தையே பிடுங்கிவிடுவார்கள். ஊரில் பட்டமே முடித்தவர்களுக்கு யூ.சி.யில் இரண்டாம் இளங்கலைக்கு இடம் கிடைப்பது மிக அரிது. அவர்கள் நேராக முதுகலையைப் பார்ப்பது மேல்.

விண்ணப்பிக்கும் வருடம்

இரண்டாம் வருடத்தின் செப்டம்பர் மாதம் டேக் படிவம். அக்டோபர், நவம்பரில் விண்ணப்பங்கள். நவம்பர் 30-ஐ ஒட்டி முடியும். அந்தக் கடைசி இரவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், தளம் திணறும். டேக் படிவத்திலும் விண்ணப்பத்திலும் ஒரே மேஜர் இருக்க வேண்டும். டேக் போட்டவர் விண்ணப்பம் போடத் தேவையில்லை என்று நினைத்துக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

யூ.சி. விண்ணப்பத்தில் நான்கு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். மூன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று மட்டும் டிரான்ஸ்ஃபர் மாணவர் எல்லோருக்கும் கட்டாயம்: இந்த மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள்? இதற்கு ‘சிறுவயது முதலே மனிதர்கள் மேல் ஆர்வம்’ என்று தொடங்கினால் படிக்கிறவர் கொட்டாவி விடுவார். செய்த ஒன்றைச் சொல்லுங்கள். பண்பாட்டு மானுடவியல் வகுப்பில் கவனித்துக் குறிப்பெடுக்கும் பயிற்சி ஒன்று வரும். நான் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலின் உணவுக்கூடத்தில் இரண்டு ஞாயிறுகள் உட்கார்ந்து, யார் எந்த மொழியில் யாரிடம் பேசுகிறார்கள் என்று குறித்தேன். பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் தமிழில் கேட்க, பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, இருவருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. அதைப் பார்த்தபோது எழுந்த கேள்வியையும், என் குறிப்பில் இருந்த குறையையும் எழுதினேன். கட்டுரை பிழைத்தது அந்தக் குறையைச் சொன்னதால்தான் என்று நினைக்கிறேன். பேட்டி எடுப்பதென்றால் அனுமதி கேட்டு எடுங்கள். தெரிந்தவர்கள்தானே என்று விடாதீர்கள்.

தொல்லியல் பக்கம் சாய்கிறவர்கள் முதல் வருடக் கோடையிலேயே ஒரு களப்பயிற்சிக்குப் போய்வந்தால் இந்தக் கட்டுரை தானாக எழுதிக்கொள்ளும். ஆப்டாஸில் உள்ள கப்ரியோ கல்லூரி போன்ற ஒன்றிரண்டு கம்யூனிட்டி காலேஜ்களில் தொல்லியல் தொழில்நுட்பப் பயிற்சியே இருக்கிறது; தனியார் முகாம்களோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு குறைவு.

ஜனவரியில் யூ.சி. ஒரு புதுப்பிப்புப் படிவம் கேட்கும். இலையுதிர் பருவ மதிப்பெண்களையும் வசந்தகாலத் திட்டத்தையும் அதில் நிரப்ப வேண்டும். மாத இறுதிக்குள் முடியுங்கள். இதைத் தவறவிட்டால் நல்ல விண்ணப்பமும் கிடப்பில் போய்விடும்.

இடம் கிடைத்த பிறகு

ஏப்ரல் முடிவதற்குள் யூ.சி.யின் முடிவு தெரிந்துவிடும். ஜூன் 1-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இடம் கிடைத்ததும் வசந்தகால வகுப்பு ஒன்றை விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். கொடுத்த இடம் நிபந்தனையோடு கொடுத்தது. திட்டத்தில் எழுதிய பாடத்தைக் கைவிட்டாலோ, சி கிரேடுக்குக் கீழே போனாலோ முதலில் அவர்களுக்குத் தெரிவியுங்கள். எல்லாக் கல்லூரிகளின் இறுதி மதிப்பெண் பட்டியலும் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். பொதுக்கல்வி அட்டவணையை முடித்ததற்கான சான்றையும் நீங்கள் கேட்டால்தான் கல்லூரி அனுப்பும். கேளுங்கள்.

பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர் முறை. மற்ற யூ.சி.க்கள் குவார்ட்டர், பத்தே வாரத்தில் பாடம் முடிந்துவிடும். முதல் குவார்ட்டரில் நான்கு வாசிப்புப் பாடங்களை ஒன்றாக எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். கம்யூனிட்டி காலேஜில் படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் முதல் நாளே அதில் சேமியுங்கள். அசிஸ்டில் ஈடு காட்டாத பாடத்தைத் துறையிடம் மனுக்கொடுத்து ஏற்கச் செய்ய அந்தத் தாள்தான் ஆதாரம். என் சூனியப் பாடத்தை அப்படித்தான் பிறகு ஒரு விருப்பப் பாடமாக ஏற்றுக்கொண்டார்கள்.